நீ சொருகிவிட்டுப் போன வேகம்

மகனே,

என் கணினியின் பின்பக்கத்தில் நீ சொருகிவிட்டுப் போன பென் டிரைவை நேற்றுப் பிடுங்கி எடுத்துவிட்டேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உன்னிடம் எதையும் சொல்லி முடிக்க முடிவதில்லை. பாதி வாக்கியத்திலேயே "செரிம்மா, நான் பாத்துக்கிடலாம்" என்று நுழைந்துவிடுவாய். அப்படி நீ பார்த்துக்கொள்வதாகச் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை இன்றுவரை நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை. படிக்கலாம், படிக்காமல் மூடி வைக்கலாம். நடுவில் புகுந்து என்னைச் சமாதானப்படுத்த முடியாது. கல்யாணத்துக்கு முன் ஒரு தாய் மகனுக்கு எழுதினால் அதில் கண்ணீரும் ஆசீர்வாதமும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். என்னிடம் இப்போது இரண்டும் இல்லை.

நேற்றுக் காலைப் பூசையில் உன் கல்யாணத்தின் முதல் ஓலையை வாசித்தார்கள். தோஹாவில் இருக்கும் உனக்கு அது ஒரு சடங்கு, அவ்வளவுதான். இங்கே நம் பங்குக் கோயிலில் உட்கார்ந்து கேட்கும்போது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சாமியார் அறிவிப்பார். தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்லி முடிப்பார். உன் பெயர் வந்ததும் உன் அப்பா வாதம் வராத இடது கையால் என் முழங்கையை இடித்து, "ஏட்டி, கேட்டியா, நம்ம பயலுக்க பேரு" என்றார். கேட்டது. கடைசி வரியும் கேட்டது. இத்தனை வருடங்களாக அந்த வரியை நான் பஸ் நிலையத்து அறிவிப்பைப் போலத்தான் கேட்டுவந்திருக்கிறேன். தடை தெரிந்த ஒரு ஆளாக நானே அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்ததில்லை. வியாழக்கிழமை, நீ கட்டப்போகும் பெனிட்டா நம் வீட்டுக்கு வந்து போனதிலிருந்து எனக்கு ஒரு தடை தெரியும். அதற்கு வருகிறேன். அதற்கு முன் இந்தப் பென் டிரைவின் கதையைச் சொல்லியாக வேண்டும். நீ செய்த இரண்டு காரியங்களும் ஒரே புத்தியிலிருந்து வந்தவை.

நிச்சயத்துக்காக லீவில் வந்திருந்தாயே, அந்த வாரம். என்னிடம் டியூஷன் வரும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் வினாத்தாள் தயாரிக்க நான் கணினியைத் திறந்துவிட்டு, அது கண் விழிப்பதற்குள் அடுக்களைக்குப் போய்த் தேயிலை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அப்போதும் அது விழிக்கவில்லை. நீ சோபாவில் கிடந்தபடி பார்த்தாய். கூடத்தில் என் தம்பியும் இருந்தான். "என்னம்மா, சவம் மாதிரி கெடக்குது" என்றாய். எழுந்து வந்தாய். சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துப் பின்பக்கம் சொருகினாய். திரையில் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் அடித்தாய். "தீந்து. இனி பறக்கும்" என்றாய். உன் மாமா அதிசயித்துப் போனான். "எலே மக்கா, இம்புட்டுதானா? அப்ப எனக்க மண்டையிலயும் ஒண்ணு சொருகி விடு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் பெட்டியைத் திறந்து பார்ப்பாயா என்று கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம்மா, அந்தப் பொடியில யாரு கைய விடுவா" என்று சொல்லிவிட்டு நீ சட்டை மாற்றப் போனாய். சர்வர்களைப் பராமரிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிற என்ஜினியர், சொந்த அம்மாவின் கணினிக்குச் செலவிட்ட நேரம் அது.

நீ செய்தது முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. பொய்யை ஒதுக்கிவிட்டுப் போகலாம். இது கால்வாசி உண்மை. நீ போன பிறகு நான் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். நினைவகம் போதாத கணினி, அடிக்கடி வேண்டிய சின்னச் சின்னத் துண்டுகளை எடுக்க ஒவ்வொரு தடவையும் வன்தட்டுக்கு ஓடுகிறது. அந்தத் தட்டு சுழல வேண்டும், அதன் முனை சரியான இடத்துக்கு நகர வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். பென் டிரைவில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் சுழல்வதும் நகர்வதும் இல்லை. ஆகவே அந்தத் துண்டுகளின் நகலை அதில் வைத்துக்கொண்டால் அங்கிருந்து சட்டென்று எடுத்துக்கொள்ளலாம். பழைய கணினிகளில் அதற்கென்றே ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். நினைவகம் மிகக் குறைவாக இருந்தால் சிறிது பலன் தெரியும். போதுமான நினைவகம் இருந்தால் ஒன்றும் தெரியாது. பெரிய கோப்பைத் தொடர்ச்சியாக வாசிப்பதற்கு அந்தச் சுழலும் தட்டே பென் டிரைவைவிட மேல். இதெல்லாம் உனக்குத் தெரியாதது அல்ல. தெரிந்துகொண்டே, "பறக்கும்" என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தாய். அதுதான் விஷயம்.

பறக்கவில்லை. முதல் இரண்டொரு நாள் வினாத்தாள் கொஞ்சம் சீக்கிரம் திறந்ததுபோல இருந்தது. அது என் ஆசையாகவும் இருக்கலாம். பிறகு பழைய கதைதான், கூடுதலாகப் பின்னால் ஒரு விளக்கு ஓயாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் சுட்டது. ஒரு சாயங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது கரண்ட் போய் வந்தது. கணினியை மறுபடி போட்டால் திரை கறுப்பாக அப்படியே நின்றது. எழும்புவதற்கு வேண்டியதைத் தன் தட்டில் தேடாமல் உன் பென் டிரைவில் தேடிக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு அன்றைய வகுப்பு முழுவதும் போயிற்று. கடைசியில் அதை உருவியதும் எழும்பியது. வேகத்துக்காகச் சொருகியது, எழும்பவே விடாமல் குறுக்கே நின்றிருக்கிறது. அதன் தகர வாயைப் பார்த்தேன், ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. நம் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ரோடும் நாலு தென்னையும்தான் இருக்கின்றன என்பது குளிரூட்டிய அறையில் சர்வர் பார்க்கிற உனக்கு மறந்துபோயிருக்கலாம். இங்கே ஜன்னல் கம்பி முதல் பூட்டு வரை எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. மறுபடியும் துடைத்துச் சொருகினேன். உன் அப்பா, "பய ஆசையா வச்சிட்டுப் போனது, எடுக்காண்டாம்" என்றதுதான் காரணம். இந்த வீட்டில் நீ ஆசையாக வைத்துவிட்டுப் போனவை நிறைய இருக்கின்றன.

அந்தப் பச்சைதான் என்னை யோசிக்க வைத்தது. வெளியே இருப்பதற்கே இந்தக் கதி என்றால் உள்ளே என்ன நிலவரம். நேற்றுப் பூசை முடிந்து வந்து, சேலையைக்கூட மாற்றாமல், பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றினேன். நீ சொன்ன தூசிப்பொடி இருந்தது. பழைய பெயின்ட் பிரஷ் வைத்துத் தட்டினேன், போயிற்று. நினைவக அட்டைகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கணினியின் விவரத்தைக் காட்டும் பக்கத்தில் ஓர் அட்டையின் அளவுதான் தெரிகிறது என்பதை நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். அதாவது, மற்ற அட்டை சும்மா நின்றுகொண்டிருந்தது. எத்தனை காலமாக என்று தெரியாது. அதை உருவிப் பார்த்தேன். தங்க நிறத்தில் மின்ன வேண்டிய விளிம்பு, அடுப்பங்கரைப் பித்தளை மாதிரி கறுத்துக் கிடந்தது. பிள்ளைகளின் பென்சில் அழிப்பானை எடுத்து, கறுப்புப் போகும்வரை மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்து, திரும்ப அழுத்தி வைத்தேன். போட்டதும் கணினி இரண்டு அட்டைகளையும் கண்டுகொண்டது. இந்தக் கடிதத்தை அதில்தான் அடித்து, மெயிலில் அனுப்பப்போகிறேன். பறக்கிறது என்று சொல்லமாட்டேன். நடக்கிறது, மூச்சு வாங்காமல் நடக்கிறது. வினாத்தாள் வேலை முடிந்ததும் உள்ளே இருக்கும் சுழலும் தட்டையே எடுத்துவிட்டு, ஃபிளாஷ் நினைவகத்தாலான வட்டு ஒன்றை அதற்குரிய இடத்தில் மாட்டச் சொல்லப்போகிறேன். ஃபிளாஷ் நினைவகத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அதை எங்கே, எதற்காக வைக்கிறோம் என்பதில்தான் பேச்சு.

இருக்கிற நினைவகத்தில் பாதி வேலை செய்யாமல் நிற்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நீ கேட்கவில்லை. எப்போதும் கேட்டதில்லை. பள்ளியில் வேதியியலில் நீ தடுமாறியபோது, எந்தப் பாடம் புரியவில்லை என்று கேட்டேன். நீ புதிதாக ஒரு கைடு வாங்கிக்கொண்டு வந்தாய். அதுவும் புரியாதபோது இன்னொரு கைடு. குளியலறைக் குழாயின் கசிவுக்கு நீ சுற்றிய டேப், குழாயை மாற்ற வந்த ஆள் அறுத்தெடுக்கும்வரை பந்துபோல வளர்ந்திருந்தது. உன் அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை தளர்ந்தபோது, நீ தோஹாவிலிருந்து விரல் பயிற்சிக்கு ஒரு மின்சாரக் கையுறை அனுப்பினாய். நல்ல பொருளாகத்தான் இருக்கும். அவர் அதை முதல் நாள் மாட்டி வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினார், நீ உன் கூட்டாளிகளுக்கு அனுப்பினாய். இப்போது அது பிரிட்ஜின் மேல் கிடக்கிறது. கரண்ட் பில் பறக்காமலிருக்க அதை மேலே வைக்கிறார். டாக்டர் தினமும் பிழியச் சொன்ன ரப்பர் பந்தோ ஷோகேஸில், உன் ஓட்டப்பந்தயக் கோப்பைக்குப் பக்கத்தில், பரிசு வாங்கியதுபோல உட்கார்ந்திருக்கிறது. கை ஏன் சரியாகவில்லை என்று நீ ஒவ்வொரு போனிலும் கேட்கிறாய். பந்தைப் பிழிகிறாரா என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

இனி வியாழக்கிழமை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை முடிந்து பெனிட்டா நாகர்கோவிலிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்தாள். மண்டைக்காட்டில் கோயில் கொடைத் திருவிழா என்பதால் பஸ்ஸில் நிற்கவே இடமில்லையாம், முகம் வாடியிருந்தது. பிளவுஸ் அளவு கேட்க வந்ததாகச் சொன்னாள். அளவைப் போனிலேயே கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. உன் அப்பா அவளைக் கண்டதும் கையை நீட்டிவிட்டார். அவளும் உட்கார்ந்து, தோளிலிருந்து விரல்வரை அழுத்திப் பார்த்து, "மாமா, பந்து பிழியிறீங்களா?" என்று கேட்டாள். அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. உன் அப்பா, "பின்ன, பிழியாமலா" என்றார். அவள் அவர் உள்ளங்கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இந்தக் கை பந்தைக் கண்டு ரொம்ப நாளாச்சே மாமா" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணை அந்த இடத்தில்தான் உண்மையாகப் பிடித்தது.

பிறகு அடுக்களைக்கு வந்தாள். நான் கொடுத்த தேயிலையைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "மாமி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கமாட்டீங்களே" என்றாள். கேள் என்றேன். "எங்க ஆஸ்பத்திரில வாதம் வந்தவங்களுக்குன்னே தனியா ஒரு வார்டு தொறக்காங்க. என்னையப் பாத்துக்கிடச் சொல்லியாங்க. கல்யாணம் கழிஞ்சு நான் வேலைய விடணும்னு உங்களுக்கு ஆசை இருக்கியது எனக்குத் தெரியும். ஒரு வருஷம் கழிச்சு விட்டா போதுமா? காலைல எந்திச்சு மாமாக்க கையப் பாத்துட்டே நான் வேலைக்குப் போவேன்." எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேலையை விட வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டேன். "அவருதான். அம்ம வாயத் தொறந்து கேக்க மாட்டா, நீயாட்டு அறிஞ்சு செய்யணும்ணு சொன்னாரு. மாச முடிவுல வேலைய விட்டு நிக்கப்போறேன்னு ஆஸ்பத்திரில சொல்லணும். அதுக்கு முன்ன உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன்" என்றாள்.

நீ என்னிடம் என்ன சொன்னாய் என்பது நினைவிருக்கிறதா? நினைவில்லாவிட்டால் நான் சொல்கிறேன். விமானத்துக்குக் கிளம்பும் அன்று, பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாய்: "அம்மா, பெனிட்டா வேலைய விடுகாளாம். அவளுக்கே வேலைக்குப் போவ இஷ்டமில்ல. இங்க உங்ககூட நின்னுக்கிடுவா. அப்பாக்க கையும் செரியாவும், உனக்கும் ரெஸ்ட்டு." படித்த பெண், கையில் தொழில் இருக்கிற பெண், ஏன் விட வேண்டும் என்று நான் கேட்டேன். "அவ இஷ்டம்மா, நம்ம என்ன செய்ய" என்றாய். நானும் அது அவள் விருப்பம் என்று வாயை மூடிக்கொண்டேன். அவளிடம் என் ஆசை என்றாய். என்னிடம் அவள் ஆசை என்றாய். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்கமாட்டோம் என்ற தைரியத்தில் நடுவில் நின்றாய். நான் எதையும் வாய்விட்டுக் கேட்காத பெண் என்பது ஊருக்குத் தெரியும். அதை நீ ஒரு கருவியாக எடுத்துப் பயன்படுத்துவாய் என்று நான் நினைக்கவில்லை. உனக்கு என்ன ஆசை என்பது மட்டும் இதில் எங்குமே இல்லை, கவனித்தாயா? அந்தப் பெண்ணை இந்த வீட்டின் பின்பக்கத்தில் சொருகிவிட்டு, டிக் அடித்துவிட்டு, நீ விமானம் ஏற வேண்டும். அது உன் ஆசை. அதைச் சொல்ல உனக்கு வெட்கம். அந்த வெட்கமாவது இருக்கிறதே என்று நான் ஆறுதல் கொள்ள வேண்டுமா என்று தெரியவில்லை.

நான் பெனிட்டாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரில இப்பம் ஒண்ணும் சொல்லாண்டாம் மக்ளே. ரெண்டு ஞாயிறு போவட்டும். தேயிலையக் குடி" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், குடித்தாள், போனாள். உன்னைக் காப்பாற்றுவதற்காக நான் மறைத்தேன் என்று சந்தோஷப்படாதே. நான் சொல்லியிருந்தால் அது மாமியார் மகனைக் காட்டிக்கொடுத்த கதையாகிவிடும். அவள் உன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதை என்னைப் பற்றித் தெரிந்துகொண்டு போயிருப்பாள். அதை உன் வாயிலிருந்து அவள் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு அவள் உன்னைக் கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். ஓலையில் கேட்கிற கேள்விக்கு அர்த்தம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. சாமியார் தடை என்று நினைப்பது இரத்த உறவையும் முதல் தாரத்தையும். பெண்ணுக்குத் தெரியாமல் அவள் வாழ்க்கையில் முக்கால்வாசியை மாப்பிள்ளை முடிவு செய்து வைத்திருப்பதைவிடப் பெரிய தடையை நான் கேள்விப்பட்டதில்லை.

உனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை நீ இங்கே எடுத்துப் பேசுவாய் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். நானும் திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சியை விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வந்தவள்தான். உன் அப்பாவின் அப்பா அப்போது படுக்கையில் இருந்தார். அதை நீ தியாகம் என்று நினைத்துக்கொண்டு, என் மருமகளுக்கும் அந்தப் பெருமையைக் கொடுக்க நினைத்திருந்தால், உன் கணக்கு பிசகு. அன்றைக்கு உன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, என் முன்னால் நின்று, "அப்பாவப் பாக்க ஆளில்ல. நீ வந்தா எனக்கு உபகாரம். ஒக்காதுன்னா சொல்லிரு, நான் கோவப்பட மாட்டேன்" என்றார். பேச்சில் அழகில்லை, மாப்பிள்ளை பேசுகிற பேச்சும் இல்லை. ஆனால் யாருடைய தேவை என்பது அதில் தெளிவாக இருந்தது. நான் ஒரு நாள் எடுத்துக்கொண்டு யோசித்துச் சரி என்றேன். அது நல்ல முடிவா கெட்ட முடிவா என்பதை நான் என்னோடு வைத்துக்கொள்கிறேன். அது என் முடிவு. நீ பெனிட்டாவிடமிருந்து எடுத்துக்கொண்டது அதைத்தான். பேச்சுத் திறமை இல்லாத உன் அப்பாவுக்கு இருந்த நேர்மை, இவ்வளவு பேசத் தெரிந்த உனக்கு ஏன் வரவில்லை என்று நான் நாலு நாளாக யோசிக்கிறேன்.

உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ அவரை உன் பக்கம் என்று நம்பிக்கொண்டிருப்பாய். முதலில் அப்படித்தான் இருந்தார். "அதுக்கு என்னட்டி இப்பம்? புள்ள வீட்டுல இருந்தா எனக்க கையும் செரியாவும், உனக்கும் ஒரு கைசகாயம்" என்றார். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தால் உங்கள் கை சரியாகாதா என்று கேட்டேன். "அங்க போனா வரிசையில்லா இருக்கணும்" என்றார். இருங்கள் என்றேன். "நான் மாமனாரு" என்றார். வாதம் அதைப் பார்த்தா வந்தது என்று கேட்டேன். ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். பிறகு, "பய உன்னச் சாக்கு சொல்லியில்லா அவளப் பிடிச்சு வைக்கப் பாத்திருக்கான்" என்றார். "எனக்க பேரச் சொல்லியாவது கேட்டிருக்கலாம், நான் ஆமாண்ணு சொல்லியிருப்பேன். உனக்க பேரையா சொன்னான், மண்டன்." அவருடைய நியாயம் அவருக்கு. எழுந்து போய் ஷோகேஸைத் திறந்து பந்தை எடுத்தார். தூசியை வேட்டியில் துடைத்தார். உட்கார்ந்து, முகத்தைக் கோணிக்கொண்டு, யாரையோ கழுத்தை நெரிப்பதுபோலப் பிழிய ஆரம்பித்தார். அது நீயா நானா என்று நான் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் உன் தொழில் மொழியிலேயே சொல்கிறேன், அதுதான் உனக்குச் சட்டென்று ஏறும். நீ சொருகிய பென் டிரைவை நான் பிடுங்கியபோது கணினியில் எதுவும் போகவில்லை. அதில் இருந்ததெல்லாம் நகல். அசல் தட்டிலேயே இருந்தது. அதனால்தான் அப்படிச் சொருகுவதும் பிடுங்குவதும் உன்னைப் போன்றவர்களுக்கு விளையாட்டாக இருக்கிறது. அந்தப் பெண் யாருடைய நகலும் இல்லை. அவள் கற்ற தொழில் அவள் கையில் மட்டும்தான் இருக்கிறது. செய்யாமல் விட்டால் கறுத்துப்போகும், அதைத் தேய்த்தெடுக்க என்னிடம் அழிப்பான் கிடையாது. ஃபிளாஷ் நினைவகத்தில் ஓயாமல் எழுதி அழித்துக்கொண்டிருந்தால் அதன் அறைகள் தேய்ந்து ஒருநாள் எதையும் ஏற்காமல் போய்விடும் என்று நீயே உன் மாமாவுக்கு விளக்கினாய். பிறகு என்ன செய்வது என்று அவன் கேட்டதற்கு, "வேற ஒண்ணு சொருகணும்" என்றாய். அப்போதும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு இப்போது நன்றாக இல்லை.

நீ என்ன செய்ய வேண்டும் என்று கேட்பாய். கேட்பாயா என்பது சந்தேகம், கேட்டதாக வைத்துக்கொள்கிறேன். பெனிட்டாவைக் கூப்பிடு. மெசேஜ் போடாதே, குரலில் பேசு. அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று சொல். முதல் வாக்கியமாக அதைச் சொல். கல்யாணச் சேலையின் நிறத்தைப் பற்றிப் பேசிவிட்டு நடுவில் நுழைக்காதே. அப்பாவைப் பற்றிக் கவலை என்று ஆரம்பிக்காதே. உன் அப்பா எங்கள் பொறுப்பு. அவர் கையும் அவர் பந்தும் இருக்கின்றன, நான் இருக்கிறேன், எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. அவள் கோபப்பட்டால், "செரி, நான் பாத்துக்கிடலாம்" என்று சொல்லாமல் முழுவதையும் கேள். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னால் அதையும் கேட்டுக்கொள். பந்தலுக்குச் சொல்லியாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று என்று அவளிடம் பேசக் கூடாது. அதையெல்லாம் நான் நிறுத்துகிறேன்; ஊருக்கு முன்னால் நான் நிற்கிறேன். ஊரின் கேள்விக்குப் பதில் சொல்லாமலிருப்பது எனக்குப் பழக்கம்தான்.

வருகிற ஞாயிறு இரண்டாவது ஓலை. அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவது. மூன்றாவது வாசிக்கும்வரை நீ அவளிடம் பேசியிருக்காவிட்டால், பூசை முடிந்து நான் வீட்டுக்கு வரமாட்டேன். உன் அப்பாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, சாமியாரின் அறைக்குப் போவேன். தாயே வந்து மகனின் ஓலைக்குத் தடை சொன்னதாக இந்தக் கடற்கரையில் யாரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். நீ பிறந்ததிலிருந்து உன்னால் நான் பேச்சுக்கு ஆளானதில்லை, இப்போது ஆனால் பரவாயில்லை. மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. மிரட்டுகிறவர்கள் செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கை உனக்கு இருக்கும். நான் உனக்குத் தகவல் சொல்கிறேன்.

உன் பென் டிரைவைச் சுத்தமாக அழித்து, வாயைத் துடைத்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு உன் அலமாரியில் வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்கள் போட்டுக்கொள்ள உதவும், கல்யாணம் நடந்தால்.

புதன்கிழமை உன் அப்பாவை பெனிட்டாவின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். மற்றவர்களைப் போலச் சீட்டு எடுத்து வரிசையில் உட்காரப்போகிறோம். அவர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். முறை வரும்போது அவள் வாசலுக்கு வந்து பெயர் கூப்பிடுவாள். அவள் என்னை எப்படிப் பார்க்கிறாள் என்பதிலிருந்தே நீ பேசினாயா என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆகவே இதற்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். கூப்பிட வேண்டிய ஆள் நானில்லை.

அம்மா